மகஜரில் இல்லாத வரி: தேர்தல் நேரத்தில் விசாரணை அதிகாரிகள் பேசலாமா?

2007 ஜூன் மாதம் ஒருவர் ஹைதராபாத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் வந்து இறங்கினார். கையில் 65 லட்சம் ரூபாய் ரொக்கம். சென்னையில் சொத்து வாங்குவதற்காக வங்கியில் எடுத்த பணம். அதற்கான தாள்களும் கூடவே இருந்தன. ஹைதராபாத் விமான நிலையத்தில் பணத்தைப் பற்றி அவரே சொல்லிவிட்டுத்தான் ஏறினார். இங்கே மீனம்பாக்கத்தில் இறங்கியதும் அதிகாரிகள் அவரை அழைத்துப்போய் விசாரித்தார்கள், பணத்தை எடுத்துவைத்துக்கொண்டார்கள். கணக்கு சரியாக இருந்ததால் பணம் பின்னால் திரும்பக் கிடைத்தது. ஆனால் அதற்குள் விஷயம் பத்திரிகைகளுக்குப் போய்விட்டது.

அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2009 நவம்பரில் தீர்ப்பு வந்தது. அவ்வளவு ரொக்கத்தைப் பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும், விசாரித்ததில் உள்நோக்கம் இல்லை என்று நீதிமன்றம் அதிகாரிகள் பக்கம்தான் நின்றது. பத்திரிகைக்குச் சொன்ன விஷயத்தில் மட்டும் விடவில்லை. விசாரணை முடியும் முன்பே குற்றவாளியைப் பிடித்துவிட்டோம் என்று ஊடகங்களிடம் சொல்லும் பழக்கம் அதிகாரிகளிடம் வளர்ந்துவருகிறது, நடக்காத துப்புத்துலக்கலுக்குப் பெயர் தட்டிக்கொள்ளும் வேலை இது, இதைத் தடுக்க வேண்டும் என்றது. ஒருவர் தானாகவே முன்வந்து சொன்ன பணத்தைக்கூடத் தங்கள் விழிப்பான விசாரணையில் சிக்கிய கறுப்புப் பணமாகக் காட்டுகிறார்கள் என்றும் குறிப்பிட்டது. இப்படி முந்திக்கொண்டு சொல்வதால் பல நேரம் உண்மையான குற்றவாளி தப்பித்துப்போகிறான் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

அந்த வழக்குக்கும் தேர்தலுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் தேர்தல் அறிவித்த மறுநாளிலிருந்து தமிழ்நாட்டின் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் நடப்பது அதே காட்சிதான். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம், கையில் தாள் இல்லை, பறக்கும் படை பிடிக்கிறது. மாட்டுச் சந்தைக்குப் போகிறவர், முட்டை லாரிக்காரர், கோயம்பேட்டுக்குச் சரக்கு எடுக்க வந்தவர், சௌகார்பேட்டை நகைப் பட்டறைக்காரர் என்று யார் வேண்டுமானாலும் மாட்டலாம். மாலைக்குள் 'ஆவணமின்றிக் கொண்டுசெல்லப்பட்ட இத்தனை லட்சம் பறிமுதல்' என்று செய்தி வந்துவிடும். அதில் 'வாக்காளர்களுக்குக் கொடுக்கவா?' என்ற கேள்விக்குறியும் சேர்ந்துகொண்டால், முட்டை வியாபாரி அன்று ஒரு நாளைக்கு அரசியல்வாதி ஆகிவிடுகிறார்.

நம்மூர் போலீஸ் நடைமுறையில் மகஜர் என்று ஒன்று உண்டு. ஒரு இடத்தைச் சோதனை போட்டால், என்ன கிடைத்தது, எந்த அறையில், எத்தனை மணிக்கு, யார் முன்னிலையில் என்று எழுதிச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குவார்கள். அதில் ஊகத்துக்கு இடம் கிடையாது. '500 ரூபாய் நோட்டுகள் 20 கட்டு' என்று எழுதலாம். 'இது இன்ன வேட்பாளர் வாக்குக்குக் கொடுக்க வைத்திருந்த பணம்' என்று எழுத முடியாது. அது பின்னால் விசாரித்து நிரூபிக்க வேண்டிய விஷயம். தேர்தல் நேரத்தில் அதிகாரிகள் பேசலாமா கூடாதா என்ற சண்டையில் எனக்குப் படுவது இதுதான்: மகஜரில் இருப்பதை உரக்கவே சொல்லட்டும். சிக்கல் எப்போதும் மகஜரில் இல்லாத அந்த ஒரு வரியில்தான் வருகிறது.

இந்த விவாதம் உலகம் முழுக்கப் பேசப்பட்டதற்குக் காரணம் ஒரு கடிதம். 2016 அக்டோபர் 28. அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு இன்னும் 11 நாள். எஃப்பிஐ இயக்குநர் ஜேம்ஸ் கோமி நாடாளுமன்றக் குழுக்களின் தலைவர்களுக்கு ஒரு சிறிய கடிதம் அனுப்பினார். ஹிலாரி கிளிண்டன் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது சொந்த சர்வரில் மின்னஞ்சல் வைத்திருந்தது தொடர்பான விசாரணைக்குப் பொருத்தமாக இருக்கக்கூடிய சில மின்னஞ்சல்கள் வேறொரு வழக்கில் கிடைத்திருக்கின்றன, அவற்றைப் பார்க்கப் போகிறோம் என்பதுதான் சாரம். அந்த மின்னஞ்சல்களில் என்ன இருக்கிறது என்பது அப்போது அவருக்கே தெரியாது. கடிதம் சிறிது நேரத்தில் வெளியே வந்து, அடுத்த பத்து நாள் பிரசாரத்தை அப்படியே விழுங்கியது. நவம்பர் 6 அன்று, அதாவது வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, 'பார்த்துவிட்டோம், எங்கள் முடிவில் மாற்றம் இல்லை' என்று இன்னொரு கடிதம் அனுப்பினார். அதற்குள் பல மாநிலங்களில் லட்சக்கணக்கானவர்கள் முன்கூட்டியே வாக்களித்துவிட்டார்கள்.

கோமியைத் திட்டுவது சுலபம். அவர் மாட்டிக்கொண்ட விதத்தைப் பார்த்தால் கொஞ்சம் பாவமாகக்கூட இருக்கும். அதே ஆண்டு ஜூலை 5 அன்று அவரே செய்தியாளர்களைக் கூட்டி, கிளிண்டன் மீது வழக்குத் தொடரப் பரிந்துரைக்கப் போவதில்லை என்று அறிவித்தார். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அவர் மிகவும் கவனக்குறைவாக நடந்துகொண்டார் என்று ஒரு கண்டனத்தையும் சேர்த்தார். வழக்கு போடாத ஒருவரைப் பொது மேடையில் குறை சொல்வது விசாரணை அதிகாரியின் வேலை இல்லை. விசாரணை முடிந்தது என்று நாடாளுமன்றத்திடமும் சொல்லிவிட்டார். அக்டோபரில் புதிதாக ஏதோ கிடைத்ததும், சொல்லாவிட்டால் மறைத்தேன் என்பார்கள், சொன்னால் தேர்தலில் தலையிட்டேன் என்பார்கள் என்ற நிலை வந்தது. ஜூலையில் பேசிய பேச்சுக்கு அக்டோபரில் வட்டி கட்டினார்.

இன்னொரு பக்கமும் உண்டு. டிரம்ப் பிரசாரக் குழுவுக்கும் ரஷ்யாவுக்கும் தொடர்பு இருக்கிறதா என்ற விசாரணையை எஃப்பிஐ 2016 ஜூலை கடைசியிலேயே தொடங்கிவிட்டது. அதைப் பற்றித் தேர்தல் முடியும் வரை பகிரங்கமாக ஒரு வார்த்தை இல்லை. ஒரு வேட்பாளரைப் பற்றிய விசாரணைக்கு இரண்டு கடிதம், இன்னொரு பக்கத்து விசாரணைக்கு மௌனம். மௌனம்தான் சரியான நடைமுறை, அதை ஒருவருக்கு மட்டும் உடைத்ததுதான் பிரச்சினை. அமெரிக்க நீதித் துறையில் தேர்தலுக்கு முந்தைய சுமார் 60 நாட்களில் வாக்காளர் மனதைப் பாதிக்கக்கூடிய பகிரங்க நடவடிக்கைகளைத் தவிர்ப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. எழுதிவைத்த சட்டம் இல்லை, வழிவழியாக வருவது. அந்தத் துறையின் உள் ஆய்வு அலுவலகம் 2018 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, கோமி அரசியல் சாய்வால் செய்தார் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் துறையின் வழக்கங்களை மீறினார், தீவிரமான தவறான முடிவு எடுத்தார் என்றது.

சரி, நம்மூரில் அந்த 60 நாள் வழக்கத்தைக் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? ஒன்றும் சரிப்படாது. 2024 மக்களவைத் தேர்தலில் மார்ச் 16 அன்று அட்டவணை வந்தது, ஜூன் 4 அன்று முடிவு வந்தது. அதுவே 80 நாள். தமிழ்நாடு ஏப்ரல் 19-ஆம் தேதியே வாக்களித்துவிட்டு, 46 நாள் பூட்டிய அறையில் இயந்திரங்களை வைத்துக்கொண்டு காத்திருந்தது. ஏதாவது ஒரு மாநிலத்தில் எப்போதும் தேர்தல் நடந்துகொண்டிருக்கும் நாட்டில் 60 நாள் வாயை மூடு என்றால், வருடம் முழுக்க மூட வேண்டியதுதான். தவிர, இங்கே தேர்தல் நேரக் குற்றமே தனி வகை. வாக்குக்குப் பணம் கொடுப்பது தேர்தல் சமயத்தில்தான் நடக்கும். அதைப் பிடிக்கிறவர் அப்போதுதான் பிடிக்க முடியும். பிடித்ததைச் சொல்லாமலும் இருக்க முடியாது. 2024-இல் முதல் கட்ட வாக்குப்பதிவுக்கு முன்பே நாடு முழுவதும் பிடிபட்ட பணமும் பொருளும் 4,650 கோடி ரூபாயைத் தாண்டியதாகத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. 2019-இல் தேர்தல் முழுவதற்கும் 3,475 கோடிதான்.

நம் சட்டம் இதில் எங்கே நிற்கிறது? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 28ஏ பிரிவுப்படி, தேர்தல் பணிக்கு நியமிக்கப்பட்ட போலீஸ் அதிகாரிகள் அறிவிக்கை வந்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் வரை தேர்தல் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள். ஆனால் அமலாக்கத் துறை, சிபிஐ, வருமான வரித் துறை வழக்கமாக நடத்தும் விசாரணைகள் அந்தப் பிரிவுக்குள் வராது. தேர்தல் நடத்தை விதிகள் கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் ஆளும் தரப்புக்கும் எழுதப்பட்டவை. 1990-களில் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி.என். சேஷன் காலத்தில் அதற்குப் பல் முளைத்தது உண்மைதான், ஆனால் விசாரணை அமைப்பு ஒரு வழக்கைப் பற்றி எப்போது, எவ்வளவு பேசலாம் என்று அதில் தனியாக ஒன்றும் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சில விஷயங்கள் உண்மையாகவே இருந்தாலும் தேர்தல் நேரத்தில் வெளியே சொல்லக்கூடாது என்பதை நம் சட்டம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடியும் வரை, வாக்களித்தவர்களிடம் கேட்டு எடுத்த கணிப்பு முடிவுகளை வெளியிட முடியாது, அதே சட்டத்தின் 126ஏ பிரிவு. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் பொதுக்கூட்டம், ஊர்வலம் கூடாது, 126-ஆவது பிரிவு. வேட்பாளர் மைக்கை அணைக்க வேண்டும், கணிப்பு நடத்தியவர் தாளை மடித்து வைக்க வேண்டும். அதே 48 மணி நேரத்தில் ஒரு விசாரணை அதிகாரி இன்னொரு வேட்பாளரைப் பற்றி அறிக்கை விட்டால் அதைத் தடுக்கும் பிரிவு அங்கே இல்லை.

எப்படிப் பேசுவது என்பதற்கு மட்டும் ஒரு வழிகாட்டி உண்டு. மத்திய உள்துறை 2010 ஏப்ரலில் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரை அது. ஊடகங்களிடம் பேசுவதற்கென்று நியமித்த அதிகாரிதான் பேச வேண்டும். வழக்கு பதிவு, கைது, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு போன்ற கட்டங்களில் பேசினால் போதும். அடிப்படைத் தகவலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அரைகுறையான ஊகங்களைச் சொல்லக்கூடாது, தீர்ப்புச் சொல்வதுபோலக் கருத்துச் சொல்லக்கூடாது. படித்துப் பார்த்தால் யாருக்கும் மறுப்பு இருக்காது. கடைப்பிடித்தவர்களைத் தேடினால்தான் கஷ்டம். அதனால்தான் 2023 செப்டம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், போலீஸ் ஊடகங்களிடம் பேசுவதற்கு முழுமையான கையேடு ஒன்றை மூன்று மாதத்தில் தயாரிக்கச் சொல்லி உள்துறைக்கு உத்தரவிட்டது. ஊடகங்களே ஒருவரைக் குற்றவாளியாக்கும் விசாரணைக்கு அதிகாரிகளின் பேச்சே தீனி ஆகக்கூடாது என்பது அந்த உத்தரவின் கவலை.

அந்த உத்தரவு வந்து ஏழு வாரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். 2023 நவம்பர் 3. சத்தீஸ்கரில் முதல் கட்ட வாக்குப்பதிவுக்கு நான்கு நாள். மகாதேவ் சூதாட்டச் செயலி வழக்கில் அமலாக்கத் துறை ஒரு பத்திரிகைக் குறிப்பு வெளியிட்டது. பணம் எடுத்துவந்த ஒருவர் பிடிபட்டார், இவ்வளவு ரொக்கம் கிடைத்தது என்று தொடங்குகிறது. அது வரை மகஜர். அடுத்து, அவரை விசாரித்ததிலும் இன்னொருவரின் மின்னஞ்சலிலும், அப்போதைய காங்கிரஸ் முதல்வர் பூபேஷ் பாகேலுக்குச் செயலி நடத்துபவர்கள் இதுவரை சுமார் 508 கோடி ரூபாய் கொடுத்ததாகத் திடுக்கிடும் குற்றச்சாட்டுகள் வந்திருக்கின்றன என்கிறது. அப்புறம், இவை விசாரணைக்குரிய விஷயங்கள் என்று ஒரு வரி. பாகேல் மறுத்தார். பிடிபட்ட நபரும் பின்னால் தான் சிக்கவைக்கப்பட்டதாகச் சொன்னார். மறுநாளிலிருந்து மேடைகளில் ஒலித்தது 508 என்ற எண்தான். 'விசாரணைக்குரியது' என்ற வரியை எந்த மேடையிலும் யாரும் படிக்கவில்லை, படிக்கவும் மாட்டார்கள்.

காங்கிரஸ் அங்கே தோற்றது. அந்தக் குறிப்பால்தான் தோற்றது என்று நான் சொல்லவில்லை. அப்படி யாராலும் அளந்து சொல்ல முடியாது. அளக்க முடியாது என்பதுதான் இங்கே தொல்லை. நீதிமன்றத்தில் தவறான சாட்சியம் நுழைந்தால் மேல்முறையீட்டில் நீக்கலாம். வாக்குப்பதிவில் நுழைந்த ஊகத்தை நீக்க முறையே கிடையாது. வழக்கில் வாய்தா தள்ளிப்போகும், தேர்தல் தேதி லேசில் தள்ளிப்போகாது.

அது எதிர்க்கட்சி ஆளும் மாநிலத்தில் மத்திய அமைப்பு செய்தது, மாநில போலீஸ் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். மாநில போலீஸ் மாநில அரசின் கையில், மத்திய அமைப்பு மத்திய அரசின் கையில். பேசுவதில் இரண்டும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை. 2018-இல் செயற்பாட்டாளர்கள் கைதான பீமா கோரேகான் வழக்கில் மகாராஷ்டிர போலீஸ் செய்தியாளர்களைக் கூட்டிக் கடிதங்களைப் படித்துக் காட்டியபோது, நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கில் இப்படி எப்படிச் செய்யலாம் என்று மும்பை உயர் நீதிமன்றமே கேட்டது.

இனி நம் கதைக்கு வருவோம். 2017 ஏப்ரல், ஆர்.கே.நகர் இடைத்தேர்தல். வாக்குப்பதிவு 12-ஆம் தேதி. 7-ஆம் தேதி அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் வீடு உட்படப் பல இடங்களில் வருமான வரிச் சோதனை. மறுநாளே ஒரு பட்டியல் தொலைக்காட்சிகளில் ஓடத் தொடங்கிவிட்டது. யார் யாருக்கு எந்தெந்தப் பகுதி, எவ்வளவு பணம், மொத்தம் 89 கோடி. அமைச்சர் மறுத்தார். 9-ஆம் தேதி இரவு தேர்தல் ஆணையம் இடைத்தேர்தலையே ரத்து செய்தது. நுங்கம்பாக்கம் வருமான வரி அலுவலகத்திலிருந்து எந்த அதிகாரியும் மைக் முன்னால் வந்து நின்று பட்டியலைப் படிக்கவில்லை. ஆனால் தண்டையார்பேட்டை டீக்கடையில் இருந்தவருக்கு அந்தப் பட்டியல் மனப்பாடம். 'வருமான வரித் துறை வட்டாரங்கள்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருவர் பேசிவிட்டார், அவ்வளவுதான்.

அதனால்தான் அதிகாரி பேசவே கூடாது என்ற தடை நமக்கு உதவாது என்று நினைக்கிறேன். தடை போட்டால் பேச்சு நிற்காது, வட்டாரத்துக்கு இடம் மாறும். பெயரோடு பேசுகிறவரிடம் நாளைக்கு 'நீங்கள் சொன்னது பொய்யாகிவிட்டதே' என்று கேட்கலாம். வட்டாரத்திடம் என்ன கேட்பது? ஆர்.கே.நகரில் அந்தத் தகவல் வெளியே வந்ததும் ஒரு வகையில் நல்லதுதான் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. வாக்காளருக்கு ஒரு காரணமும் சொல்லாமல் ஒரு தேர்தலை ரத்து செய்ய முடியாது. அதை ஏற்கிறேன். அந்தக் காரணத்தைச் சொல்ல வேண்டியது ஆணையத்தின் உத்தரவு. அது சொல்லவும் செய்தது. ஒரு நாள் முன்னதாகக் கசிந்த தாள் சொன்னதுதான் கோளாறு.

2019 வேலூர் கதை கொஞ்சம் வேறு. மார்ச் கடைசியில் திமுக பொருளாளர் துரைமுருகன் வீட்டில் சோதனை. ஏப்ரல் 1 அன்று கட்சிக்காரர் ஒருவருக்குத் தொடர்புடைய இடத்தில் 11 கோடி ரூபாய்க்கு மேல் பிடிபட்டது. பழிவாங்கல் என்றது திமுக. ஏப்ரல் 16 அன்று, பிரசாரம் ஓயும் நாளில், வேலூர் தேர்தல் ரத்து. அதே நாள் மாலை தூத்துக்குடியில் கனிமொழி தங்கியிருந்த வீட்டில் சோதனை நடந்தது. அங்கே எதுவும் கிடைக்கவில்லை. அதிகாரிகளும் அதைச் சொல்லிவிட்டார்கள். ஆனால் வாசலில் கார்கள் நின்ற படம் எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்த பிறகு 'ஒன்றும் இல்லை' என்ற வார்த்தைக்கு எவ்வளவு எடை இருக்கும்? சில நேரம் சோதனையே அறிக்கைதான். வாயைத் திறக்காமலே பேசுகிற வித்தை அது. வேலூரில் ஆகஸ்ட் 5 அன்று தேர்தல் நடந்து, துரைமுருகனின் மகன் கதிர் ஆனந்த் 8,141 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

அதே ஏப்ரலில் மத்தியப் பிரதேசத்தின் அப்போதைய காங்கிரஸ் முதல்வர் கமல்நாத்தின் நெருங்கியவர்கள் வீடுகளில் சோதனை. வருமான வரித் துறைக்கு மேலே இருக்கும் நேரடி வரிகள் வாரியம் 281 கோடி ரூபாய் கணக்கில் வராத பணம் திரட்டிய வலைப்பின்னல் என்று அறிக்கை விட்டது. டெல்லியில் ஒரு பெரிய கட்சியின் தலைமையகத்துக்கும் பணம் போனது என்று சேர்த்துக்கொண்டது. கட்சியின் பெயர் மட்டும் இல்லை. அது தேவையும் படவில்லை. தேர்தல் ஆணையம் நிதி அமைச்சகத்துக்கு ஏப்ரல் 7 அன்று ஓர் அறிவுரை அனுப்பியது. தேர்தல் நேர நடவடிக்கைகள் நடுநிலையாக, பாரபட்சமில்லாமல் இருக்க வேண்டும், சட்டவிரோதப் பணம் தேர்தலுக்குப் பயன்படுவதாகச் சந்தேகம் இருந்தால் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. பேசுவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நல்ல அறிவுரைதான். அறிவுரைக்கு இருக்கும் வலிமைதான் அதற்கும் இருந்தது.

மௌனத்தின் விலையையும் சொல்லியாக வேண்டும். 2016 மே 14 அதிகாலை, சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால், திருப்பூர் அருகே மூன்று கன்டெய்னர் லாரிகளைப் பறக்கும் படை மடக்கியது. உள்ளே 570 கோடி ரூபாய். அது ஸ்டேட் வங்கியின் பணம், கோயம்புத்தூரிலிருந்து விசாகப்பட்டினத்துக்குப் போகிறது என்று வங்கி உரிமை கோரியது. ஆனால் மடக்கிய நேரத்துக்கும் அந்த விளக்கத்துக்கும் நடுவில் இருந்த மணி நேரங்களை வாட்ஸ்அப் நிரப்பிவிட்டது. பணம் யாருடையது, எந்தத் தொகுதிக்கு என்று ஆளாளுக்கு ஒரு கதை. விஷயம் உயர் நீதிமன்றம் போய், சிபிஐ விசாரணை வரை நீண்டது. அன்று காலையிலேயே பொறுப்பான ஓர் அதிகாரி 'இத்தனை வண்டி, இவ்வளவு பணம், இந்தத் தாள்களைக் காட்டுகிறார்கள், சரிபார்க்கிறோம், இத்தனை மணிக்கு மறுபடி சொல்கிறோம்' என்று நான்கு வரி சொல்லியிருந்தால் கதைகளில் பாதி பிறந்திருக்காது.

கரூரில் இந்த இரண்டு ஆபத்தும் ஒன்றாக வந்தன. 2025 செப்டம்பர் 27 அன்று தவெக கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். சட்டமன்றத் தேர்தல் ஏழெட்டு மாதத்தில் இருந்த நேரம். மின்சாரத்தைத் துண்டித்தார்கள், ஆம்புலன்ஸை வேண்டுமென்றே விட்டார்கள் என்று வதந்தி பறந்தது. அதற்குப் பதில் சொல்லத்தான் போலீஸ் உயரதிகாரிகளும் அரசுச் செயலாளர்களும் காணொளிகளோடு செய்தியாளர்களைச் சந்தித்தார்கள். வதந்தியை மறுக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தவறு எந்தப் பக்கம் என்ற தொனியும் கூடவே வந்துவிட்டது. அக்டோபர் 13 அன்று விசாரணையை சிபிஐக்கு மாற்றிய உச்ச நீதிமன்றம் குறிப்பிட்ட காரணங்களில் ஒன்று, காவல் துறை உயரதிகாரிகள் ஊடகங்களிடம் சொன்ன கருத்துகள் விசாரணையின் நடுநிலை பற்றி மக்கள் மனதில் சந்தேகத்தை உண்டாக்கக்கூடும் என்பது. வழக்கு மாநில போலீஸ் கையை விட்டுப் போனதற்கு அவர்களே மைக்கில் பேசியதும் ஒரு காரணம். பேசுவது அடுத்தவருக்கு மட்டும் ஆபத்து இல்லை, பேசுகிற அதிகாரியின் வழக்கையும் அது தின்றுவிடும்.

மின்சாரம் போகவில்லை என்பதை மின்வாரியப் பதிவேட்டை வைத்துச் சொல்லலாம். ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்குக் கூப்பிடப்பட்டது என்பதை அழைப்புப் பதிவை வைத்துச் சொல்லலாம். இதெல்லாம் மகஜர். கூட்டம் ஏன் நெரிந்தது, யாரால் நெரிந்தது என்பது விசாரணையின் முடிவு. அது முடிவதற்கு முன் அதே துறையின் அதிகாரி வாயிலிருந்து வந்தால், கீழே விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் எதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. ஏடிஜிபி சொன்னதற்கு மாறாக எழுதும் இன்ஸ்பெக்டரை நான் இன்னும் பார்க்கவில்லை.

குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் எப்படி இருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2024 மார்ச் 21 அன்று, தேர்தல் அறிவித்து ஐந்தாவது நாள், டெல்லி முதல்வர் கெஜ்ரிவாலை அமலாக்கத் துறை கைது செய்தது. மே 10 அன்று உச்ச நீதிமன்றம் பிரசாரத்துக்காக இடைக்கால ஜாமீன் கொடுத்தது. நிபந்தனைகளில் ஒன்று, இந்த வழக்கில் தன் பங்கு பற்றி அவர் கருத்துச் சொல்லக்கூடாது என்பது. நீதிமன்றத்துக்கு அதற்கான காரணம் இருக்கலாம். வேட்பாளர்களுக்காக வாக்குக் கேட்டு வெளியே வந்தவர், தன்மேல் இருக்கும் வழக்கைப் பற்றி மட்டும் வாய் திறக்க முடியாமல் மேடையில் நின்றார் என்பதைக் கவனிக்க வேண்டும். அப்படியொரு கட்டுப்பாடு இருந்தால், வாக்குப்பதிவு முடியும் வரை எதிர்த்தரப்பில் இருக்கும் விசாரணை அமைப்புக்கும் அதே வாய்ப்பூட்டு வேண்டும்.

சென்னையிலிருந்து இன்னும் ஒன்று. 2024 ஏப்ரல் 6 இரவு, தாம்பரத்தில் நெல்லை எக்ஸ்பிரஸில் மூன்று பேரிடம் சுமார் 4 கோடி ரூபாய் பிடிபட்டது. வாக்குப்பதிவுக்கு 13 நாள். திருநெல்வேலி பாஜக வேட்பாளர் நயினார் நாகேந்திரனின் பெயர் உடனே அடிபட்டது. அந்தப் பணத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்றார் அவர். வழக்கு பிறகு சிபிசிஐடிக்குப் போனது. இங்கே பிடித்தது மாநில போலீஸ், பெயர் அடிபட்டது மத்தியில் ஆளும் கட்சிக்காரர். சத்தீஸ்கரில் அப்படியே தலைகீழ். அங்கே கோபப்பட்டவர்கள் இங்கே சிரித்தார்கள், இங்கே கோபப்பட்டவர்கள் அங்கே 508 என்று கோஷம் போட்டார்கள். யார் பெயர் வந்தாலும் ஒரே அளவுகோல் வைக்கிறவர்கள் குறைவு.

என்னைக் கேட்டால் செய்யக்கூடியது பெரிய சட்டமெல்லாம் இல்லை. தேர்தல் அறிவித்த நாளிலிருந்து வாக்குப்பதிவு முடியும் வரை, வேட்பாளரையோ கட்சியையோ தொடும் எந்த வழக்கிலும் பேச்சு ஒரே வாயிலிருந்து வரட்டும், எழுத்தில் வரட்டும், கீழே ஒரு பெயரும் பதவியும் இருக்கட்டும். சோதனை, கைது, பறிமுதல், வழக்கு எண், சட்டப் பிரிவு வரை சொல்லட்டும். காவலில் ஒருவர் சொன்னதாகச் சொல்லும் வாக்குமூலத்தை வெளியிடக்கூடாது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றமே பொதுவாகச் சாட்சியமாக ஏற்காது, வாக்காளருக்கு மட்டும் எதற்கு? தலைமைத் தேர்தல் அதிகாரியின் அலுவலகத்துக்கு அந்தக் குறிப்பின் நகல் வெளியாகும் முன்பே போகட்டும். இதைச் செய்யத் தேர்தல் ஆணையத்துக்கு அரசியல் சட்டத்தின் 324-ஆவது பிரிவு தரும் அதிகாரம் போதும் என்றே நினைக்கிறேன். மத்திய அமைப்புகள் அதை எதிர்த்து நீதிமன்றம் போகலாம், போகட்டுமே. ஒரு தீர்ப்பாவது கிடைக்கும்.

இன்னும் ஒன்று, சின்ன விஷயம். பறக்கும் படை பிடித்த பணத்துக்குக் கணக்குக் காட்டினால் திருப்பிக் கொடுக்க மாவட்டந்தோறும் மூன்று அதிகாரிகள் கொண்ட குழு இருக்கிறது. வியாபாரிகள் பில்லையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அங்கே போய் நிற்கிறார்கள், வாங்கிக்கொண்டும் போகிறார்கள். பிடித்த அன்று படத்தோடு வந்த செய்திக்குப் பிறகு, திருப்பிக் கொடுத்த அன்று அவர்களைப் பற்றி ஒரு வரிகூட வருவது அபூர்வம். தினமும் மாலை வெளியாகும் பறிமுதல் பட்டியலில் 'இன்று திருப்பித் தரப்பட்டது' என்று இன்னொரு பத்தி சேர்க்கலாம். அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், நீதிமன்ற உத்தரவு வேண்டாம். எக்ஸெல் தாளில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டால் போதும்.